தீபாவளி போனசும் மூடிக்கிடக்கும் ஆலையும்

(தாயில்பட்டியில் செய்த சொற்பொழிவு)



தாயில்பட்டிக்கு வந்து தீபாவளிச் செலவைப் பற்றிப் பேசுவதென்றால் அது கொஞ்சம் சங்கடமான காரியந்தான். இந்தியாவில் கொளுத்தப்படும் பட்டாசில் மிகப் பெரும் பகுதி இந்தச் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில்தான் செய்யப்படுகிறது. ஊரார் தீபாவளி கொண்டாடாவிட்டால் உங்களுக்கு வேலையில்லை என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆகவே பட்டாசு வாங்காதே, வெடிக்காதே என்று உபதேசம் செய்ய நாம் இங்கு வரவில்லை. நரகாசுரன் கதையின் யோக்கியதையைப் பற்றியும் இன்று பேசப்போவதில்லை. அதை நம் மேடைகளில் எத்தனையோ தடவை பேசியாய்விட்டது. இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்றுதான். அதாவது, தீபாவளிக்குச் சில நாள் முந்தி உங்கள் கைக்கு வரும் போனஸ் பணம் யார் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது, அது போன பிறகு உங்கள் வீட்டு அடுப்பு எதைக் கொண்டு எரிகிறது என்பதாகும்.

இந்த விஷயத்தில் கதையை நம்புகிறவன், நம்பாதவன் என்கிற பேதமே இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில்லை, சாமி கும்பிடுவதில்லை, நாங்கள் பகுத்தறிவுக்காரர்கள் என்று மார்தட்டுகிற தோழர்கள் பலரை நமக்குத் தெரியும். அவர்கள் வீட்டிலிருந்தும் மாப்பிள்ளைக்கு மோதிரம் போகிறது. சம்பந்தி வீட்டுக்குச் சீர்த்தட்டு போகிறது. அதற்காக அடகுக் கடைக்கு நகை போகிறது. கேட்டால், "எங்களுக்கு நம்பிக்கையில்லை, ஆனால் பெண்ணைக் கொடுத்த இடத்தில் சும்மா இருக்க முடியுமா?" என்கிறார்கள். கதையை நம்பாதவன் கடனை மாத்திரம் பக்தியோடு வாங்குவானேயானால், அவனுடைய பகுத்தறிவினால் அவன் பெண்சாதி பிள்ளைகளுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கின்றோம்.

நிற்க. மற்ற ஊர்த் தொழிலாளிக்கும் உங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கின்றது. கோயமுத்தூரில் மில் வேலை செய்கிறவன் தீபாவளிக்கு இரண்டு நாள் லீவு எடுத்துவிட்டு மூன்றாம் நாள் வேலைக்குப் போகிறான். சர்க்கார் உத்தியோகஸ்தனுக்கு மாதக் கடைசியில் சம்பளம் தானாக வந்து விழுகிறது. உங்கள் சங்கதி அப்படியா? வருஷம் முழுவதும் நீங்கள் செய்த சரக்கு ஒரே நாளில் புகையாகிவிடுகிறது. மறுநாள் அந்தச் சரக்கு ஒருவருக்கும் வேண்டியதில்லை. ஆலை மூடிக்கிடக்கிறது. அது திறக்கச் சில வாரங்கள் ஆகின்றன; திறந்த பிறகும் எல்லோருக்கும் முழு வேலை கிடைக்க இன்னும் சில வாரங்கள் ஆகின்றன. அதோடு அது ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். சரக்கை வெயிலில் காயவைத்தாக வேண்டும். வெயிலில்லாவிட்டால் வேலையில்லை. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவனுக்கு வேலையில்லாவிட்டால் ஒரு காசு கிடையாது. ஆகவே ஊராருக்குப் பண்டிகை முடிகிற அன்றே உங்களுக்குப் பஞ்சம் ஆரம்பமாகிறது. சரியாக அந்தச் சமயம் பார்த்துத்தான் கையிலிருப்பதையெல்லாம் நீங்கள் துடைத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

போனஸ் என்பதை முதலாளி மனமிரங்கிப் போடும் இனாம் என்று இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள். பண்டிகை கொண்டாடுவதற்காகவே கொடுக்கப்படுவது என்று எண்ணுகிறவர்கள் அதைவிட அதிகம். இரண்டும் தப்பு. 1965-ம் வருஷத்துப் போனஸ் சட்டம், வருஷக் கூலியில் நூற்றுக்கு 8.33 பங்கு குறைந்தபட்சம் கொடுத்தே தீரவேண்டும் என்று விதித்தது. பிறகு 2019-ல் செய்த கூலிச் சட்டத் தொகுப்பிலும் அதே கணக்குத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. நூற்றுக்கு 8.33 என்றால் என்ன? பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது ஒரு மாதத்துக் கூலி. இந்த ஒரு மாதத்துக் கூலியை ஆலை மூடிக்கிடக்கும் அந்த ஒரு மாதத்துக்கென்று வைத்துக்கொள்ளும்படி யாரோ அளந்து கொடுத்தாற்போல் இருக்கிறதா, இல்லையா?

ஒரு கணக்குப் பார்ப்போம். இது யாருடைய வீட்டுக் கணக்குமல்ல, உதாரணத்துக்காகச் சொல்லுவது. புருஷன், பெண்சாதி இருவரும் ஆலைக்குப் போகிறார்கள். ஆளுக்கு வருஷத்தில் ரூ. 1,20,000 கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச போனஸ் ஆளுக்குப் பத்தாயிரம், இருவருக்கும் ரூ. 20,000. வீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய், காஸ், பிள்ளைகளின் பஸ் செலவு எல்லாம் சேர்த்து வாரத்துக்கு ரூ. 3,000 ஆனால், அந்த இருபதாயிரம் ஆறு வாரத்துக்குத் தாராளமாக வரும். ஆலை மூடியிருக்கும் காலத்தை ஒருவரிடமும் கையேந்தாமல் கடந்துவிடலாம். இதற்கு மேல் கொடுக்கிற ஆலைகளும் இருக்கின்றன. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் சௌகரியம்.

இப்போது அதே இருபதாயிரம் என்ன ஆகிறதென்று பாருங்கள். பெண்ணுக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளைக்கு ஒரு மோதிரம். அதிகம் வேண்டாம், கால் பவுனில். 2025-ம் வருஷத் தீபாவளியின்போது ஒரு பவுன் ரூ. 90,000-க்கு மேல் போயிருந்தது. கால் பவுனுக்கே இருபத்திரண்டாயிரத்துக்கு மேல் ஆயிற்று. செய்கூலி, சேதாரம், வரி தனி. தோழர்களே! இரண்டு பேர் வருஷம் முழுதும் கந்தகத்திலும் அலுமினியப் பொடியிலும் கிடந்து சம்பாதித்த போனஸ் ஒரு மோதிரத்துக்குக் காணவில்லை! இதற்கப்புறம் வேட்டி சட்டை, பெண்ணுக்குப் பட்டு, சம்பந்தி அம்மாளுக்குச் சேலை, பலகாரத் தட்டு, மாப்பிள்ளையின் தம்பி தங்கைகளுக்குத் துணி. இவ்வளவும் கடன்.

இந்தக் கூலி எப்படிப்பட்ட கூலியென்று நாம் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி ஆலையில் ஏறக்குறைய 40 பேர் வெந்து மாண்டார்கள். தீபாவளிச் சரக்குக்காக வேலை மும்முரமாயிருக்கும் மாதம் அது. அப்படிப்பட்ட இடத்தில் சம்பாதித்த பணத்தை, வாங்குகிறவனே ஒரு வாரத்தில் மறந்துபோகும் ஒரு சாமானுக்காகக் கொடுப்பதற்குக் கௌரவம் என்று பெயர் வைத்திருக்கிறோம்!

கலியாணச் செலவைக் குறைக்க இந்த ஜில்லாவில் நடந்த வேலை கொஞ்சநஞ்சமல்ல. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் 1928-ல் புரோகிதரில்லாமல் சுயமரியாதைக் கலியாணம் நடந்தது. 1931-ல் விருதுநகரிலேயே சுயமரியாதை மகாநாடு கூடிற்று. 1967-ல் அப்படிப்பட்ட கலியாணங்கள் செல்லும் என்று சட்டசபையில் சட்டமே நிறைவேறிற்று. புரோகிதனுக்குக் கொடுக்கும் தட்சிணை நின்றது சரி. ஆனால் கலியாணத்துக்குப் பின்னால் வரும் தலைதீபாவளி, தலைப்பொங்கல், ஆடிச்சீர், வளைகாப்பு என்கிற நீண்ட வாலை நாம் அறுக்கவேயில்லை. புரோகிதன் கேட்ட தட்சிணையைவிடச் சம்பந்தி எதிர்பார்க்கும் சீர் நூறு பங்கு அதிகம் என்பதை யாராவது மறுக்க முடியுமா? தாய்மார்கள் இதில் ஒரு காரியம் செய்யலாம். சம்பந்தி வீட்டார் கேட்பதற்கு முந்தியே, "அண்ணாச்சி, இந்த வருஷம் எங்களுக்கும் ஆலை மூடுது, உங்களுக்கும் மூடுது. நீங்களும் ஒண்ணும் செய்ய வேண்டாம், நாங்களும் ஒண்ணும் செய்யலே. பிள்ளைக ரெண்டும் வந்து ரெண்டு நாள் இருந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். எதிர்ப்பக்கத்திலும் இதே வார்த்தையை யார் முதலில் சொல்லுவார்கள் என்றுதான் காத்துக்கொண்டிருப்பார்கள். ஏனென்றால் அவர்களுக்கும் கட்டிக்கொடுத்த பெண் ஒருத்தி இருக்கிறாள்.

அடுத்தபடியாகத் தள்ளுபடி என்கிற மாயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவு உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. பட்டாசுக் கிஃப்ட் பாக்ஸில் லேபிள் ஒட்டுகிறவர்கள் நீங்கள். பெட்டியில் ஆயிரம் ரூபாய் என்று அச்சடித்திருக்கிறது; கடையில் "80 சதவிகிதம் தள்ளுபடி" என்று பலகை மாட்டி அதை இருநூறுக்கு விற்கிறார்கள். மதுரைக்காரனும் சென்னைக்காரனும் எண்ணூறு ரூபாய் மிச்சமென்று சந்தோஷப்பட்டு இரண்டு பெட்டியாக வாங்கிக்கொண்டு போகிறான். நீங்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சரி. ஆனால் அதே வாரத்தில் நீங்கள் சிவகாசியிலோ சாத்தூரிலோ ஜவுளிக்கடைக்குப் போகும்போது, "ஒன்று வாங்கினால் ஒன்று இனாம்" என்கிற பலகையைக் கண்டு ஏன் மயங்கவேண்டும்? துணிக்கு விலை அச்சடிக்கிறவன் பட்டாசுக்கு விலை அச்சடிக்கிறவனைவிடச் சத்தியசந்தனா? தள்ளுபடி எவ்வளவு என்று பார்க்கவே கூடாது. கையைவிட்டு எவ்வளவு போகிறது, வீட்டுக்கு வரும் சாமான் அவ்வளவு பெறுமா என்று மாத்திரந்தான் பார்க்க வேண்டும். தீபாவளி முடிந்து பதினைந்து நாள் கழித்து அதே கடைக்குப் போனால் துணியும் நிதானமாகப் பார்க்கலாம், விலையும் நிதானமாகப் பேசலாம். இப்போது மொபைல் போனில் வேறு, முன்பணமே வேண்டாம், மாதத் தவணை என்று ஆசை காட்டுகிறார்கள். தவணை ஆரம்பிக்கிற மாதம் எது? உங்கள் ஆலை மூடிக்கிடக்கும் மாதம்!

இனிக் கடனுக்கு வருவோம். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டியென்றால் நம்மவர்களுக்குப் பெரிதாகத் தோன்றுவதில்லை. "அஞ்சு வட்டிதானே" என்கிறார்கள். பத்தாயிரம் வாங்கினால் மாதம் ஐந்நூறு. அடுத்த தீபாவளி வரும்போது ஆறாயிரம் வட்டி கட்டியாகியிருக்கும். பத்தாயிரம் பத்தாயிரமாகவே நிற்கும். தண்டல் இதைவிடச் சூழ்ச்சியானது. பத்தாயிரத்துக்கு எழுதிக்கொண்டு, ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு, எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுக்கிறான். தினம் நூறாக நூறு நாள் கட்டவேண்டும். ஆயிரத்து ஐந்நூறுதானே என்று பார்க்கக்கூடாது. முதல் நாளிலிருந்தே அசலும் திரும்பிக்கொண்டிருப்பதால் சராசரியாக உங்கள் கையில் அவனுடைய பணம் சுமார் நாலாயிரத்துச் சில்லறைதான் இருக்கிறது. நாலாயிரத்துச் சில்லறைக்கு நூறு நாளில் ஆயிரத்து ஐந்நூறு வட்டி! வருஷத்துக்குக் கணக்கிட்டால் அது நூற்றுக்கு நூற்றிருபதுக்கு மேல் ஆகிறது. ஒரு வருஷத்தில் அசலைவிட வட்டி அதிகம்.

தின வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் குற்றமென்று 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் செய்யப்பட்டிருக்கிறது. சட்டம் இருந்தும் 2017-ம் வருஷம் அக்டோபர் 23-ந் தேதி திருநெல்வேலிக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு கூலித் தொழிலாளி, பெண்சாதி, இரண்டு குழந்தைகள் ஆகக் குடும்பமே கந்து வட்டிக் கொடுமையால் தீயில் கருகிற்று. இங்கிருந்து எத்தனை தூரம்? ஆகவே வட்டிக்காரன் வாசலில் வந்து சத்தம் போட்டால் அவமானமென்று கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். கொடுத்ததையும் வாங்கியதையும் தேதி போட்டு எழுதி வையுங்கள், புகார் கொடுங்கள். கடனில் மாட்டினவன் அடுத்தபடி செய்வதென்ன? ஆலை திறந்தவுடன் முன்பணம் வாங்குகிறான். முன்பணம் வாங்கியவன் கூலி குறைவென்று வாய் திறக்க முடியுமா? இந்தக் கொட்டகையில் ஆபத்திருக்கிறது, உட்கார மாட்டேன் என்று சொல்ல முடியுமா? மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரம் இவனுக்குக் கால்விலங்காக வந்து சேருகிறது.

தீபாவளிச் சீட்டைப் பற்றிப் பேசாமல் விட்டால் தாய்மார்கள் நம்மை விடமாட்டார்கள். மாதம் ஐந்நூறாகப் பன்னிரண்டு மாதம் கட்டினால் ஆறாயிரம். தீபாவளிக்கு ஒரு எவர்சில்வர் பாத்திரம், இனிப்புப் பெட்டி, பட்டாசு, ஒரு சின்ன வெள்ளிக் காசு, எல்லாம் சேர்த்து "ஏழாயிரத்து ஐந்நூறு பெறும்" என்று நோட்டீஸ் போடுகிறான். அந்த ஏழாயிரத்து ஐந்நூறு அச்சடித்த விலை! அச்சடித்த விலையின் யோக்கியதையை இப்போதுதான் பார்த்தோம். அவன் ஒழுங்காகக் கொடுத்தாலே சங்கதி இது. ஓடிப்போனால்? தமிழ்நாட்டில் தீபாவளிச் சீட்டுப் பிடித்தவன் தலைமறைவான செய்தியைப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். இது நம் நாட்டு முட்டாள்தனம் மாத்திரமல்ல. இங்கிலாந்தில் ஃபேர்பாக் என்கிற கம்பெனி, கிறிஸ்துமஸ் சாமான்களுக்காகவென்று ஏழைக் குடும்பங்களிடம் வருஷமெல்லாம் சிறுகச் சிறுக வசூலித்துக்கொண்டு 2006 அக்டோபரில் கவிழ்ந்து போயிற்று. லட்சம் பேருக்கு மேல் கட்டிய பணம் மூழ்கிப் பல வருஷங்கழித்து ஒரு பகுதிதான் திரும்பிற்று. வெள்ளைக்காரப் பெண்ணும் சிவகாசிப் பெண்ணும் ஏமாந்த விதம் ஒன்றே. அமெரிக்காவில் கார்லைல் என்ற ஊரில் 1909-ல் ஒரு பாங்கியே தொழிலாளருக்குக் கிறிஸ்துமஸ் சேமிப்புக் கணக்குத் தொடங்கிற்று. அதில் சாமானில்லை, ஏஜெண்டில்லை. போட்ட பணம் டிசம்பரில் பணமாகவே திரும்பி வந்தது. இரண்டுக்குமுள்ள வித்தியாசம் அதுதான்.

அப்படியானால் எதைத்தான் செய்வது என்று கேட்பீர்கள். நம் ஜில்லாவிலேயே வழி இருக்கிறது. விருதுநகரில் 1889-ல் ஏற்பட்ட சத்திரிய வித்தியாசாலை எப்படி நடந்தது? வீட்டுக்கு வீடு தினம் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்டார்கள். பிடி அரிசிப் பள்ளிக்கூடம் என்றே அதற்குப் பெயர். காமராஜர் அங்கேதான் படித்தார். அது ஒரு சாதியார் கூடிச் செய்த காரியமாயிற்றே என்று நம் தோழர்களில் சிலர் முகத்தைச் சுளிக்கலாம். சாதியை விட்டுவிட்டு முறையை எடுத்துக்கொள்வதில் நமக்கு ஆட்சேபணையில்லை. தினம் இருபது ரூபாயைக் கூலியிலிருந்து எடுத்துத் தனியே போட்டால் முந்நூறு வேலை நாளில் ஆறாயிரமாகிறது. சீட்டுக்காரனுக்குக் கட்டிய அதே ஆறாயிரம்! தபாலாபீசிலோ பாங்கியிலோ உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அதுதான் உங்கள் தீபாவளிப் பணம். துணியும் பலகாரமும் பிள்ளைகளின் மத்தாப்பும் அதற்குள் அடங்கவேண்டும். போனஸைத் தொடவே கூடாது. அது ஆலை மூடியிருக்கும் மாதத்துச் சோறு. போனஸ் பெண்கள் கணக்கிலேயே விழுவது உத்தமம். பட்டாசு வேலையில் பெண்கள்தான் பெருவாரியாக இருக்கிறார்கள். அப்படியிருக்க, போனஸ் வாங்கிய அன்று சாயங்காலம் டாஸ்மாக் வாசலில் நிற்பது யார் என்று நாம் சொல்லத் தேவையில்லை. இங்கே சில தோழர்கள் தலையைக் குனிந்துகொள்வது தெரிகிறது.

ஆலை எப்படியும் ஒரு மாதத்தில் திறந்துவிடும் என்று நம்பியிருப்பவர்களுக்கு 2018-ம் வருஷத்தை ஞாபகப்படுத்துகிறோம். அந்த வருஷம் அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் பட்டாசு விஷயத்தில் தீர்ப்புச் சொன்னார்கள். பேரியம் உப்புச் சேர்க்கக்கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான் செய்யலாம் என்றார்கள். நவம்பர் 6-ல் தீபாவளி. அந்த மாத நடுவில் மூடிய ஆலைகள் 2019 மார்ச் வாக்கில்தான் திறந்தன. ஏறக்குறைய நாலு மாதம்! தீர்ப்பு சரியா தப்பா என்பது வேறு விஷயம். புகையை மூச்சிழுக்கிற டில்லிக்காரனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் தீர்ப்பு வந்த பிறகு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரத்திலும் நம்மவர்கள் வழக்கம்போல் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். தை மாதத்தில் எத்தனை வீட்டுத் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போயிற்று என்பது நம்மைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு துண்டுச் சீட்டுகள் வந்திருக்கின்றன. ஒரு தோழர், "பிள்ளைகளுக்குக் கூட ஒன்றும் வாங்கித் தரக்கூடாதா? இவ்வளவு கடுமை வேண்டுமா?" என்று கேட்கிறார். யார் கூடாதென்றது? பிள்ளை சிரிப்பதைவிடப் பெற்றவனுக்கு வேறென்ன இருக்கிறது? ஒரு சட்டையும் ஒரு பெட்டி கம்பி மத்தாப்பும் வாங்கிக் கொடுங்கள்; தாராளமாகப் பலகாரம் சுட்டுப் போடுங்கள். பிள்ளைகள் கேட்பது அவ்வளவுதான். மோதிரம் கேட்பது பிள்ளையல்ல.

இன்னொன்று ஒரு தாயார் எழுதியது. "சீட்டுப் பிடிப்பவர் எங்கள் சொந்தக்காரர், ஏழு மாதம் கட்டிவிட்டேன், கணக்குக் கேட்டால் கோபித்துக்கொள்வார், என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார். அம்மா! சொந்தக்காரராயிருந்தால் கணக்குக் காட்டக் கோபம் ஏன் வரவேண்டும்? 1982-ம் வருஷத்துச் சட்டப்படி சீட்டு நடத்துகிறவர் பதிவு செய்துகொண்டாக வேண்டும். கமிஷனும் நூற்றுக்கு 7-க்கு மேல் எடுக்கக்கூடாது. சாமான் தருகிறோமென்று பணம் வசூலிக்கும் திட்டங்களை அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அனுமதியில்லாமல் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதைத் தடுக்க 2019-ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. நாளைக்கே போய்ப் பதிவு நம்பர் கேளுங்கள். தெருவில் கட்டுகிற மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போனால் சொந்தம் பேசி அனுப்பிவிடுவார். நம்பர் காட்டினால் சாத்தூரில் பதிவு ஆபீசில் விசாரித்துக்கொள்ளலாம். காட்டாவிட்டால் எட்டாம் மாதப் பணத்தைக் கட்டாதீர்கள். கட்டிய ஏழு மாதத்துக்கும் கையெழுத்துப் போட்ட ரசீது எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினாரானால் அந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே இடத்துக்கு வாருங்கள். மனு எழுதத் தெரிந்த தோழர்கள் இருவரை வரச் சொல்லியிருக்கிறோம்.